அபோசெடே அக்காவின் குடும்பத் துணி

எங்கள் குடியிருப்பில் பிள்ளை பெற்றவளுக்குச் சொந்தப் பெயர் நிலைக்காது. நான் கமோரு அம்மா. எனக்கு மேல்மாடியில் இருப்பவள் ஃபோலாரின் அம்மா. என் பெயர் என்னவென்று திடீரென்று யாராவது கேட்டால் நானே ஒரு நொடி யோசிக்கத்தான் வேண்டும். பதினோராம் பிளாக்கில் சொந்தப் பெயரோடு வாழ்கிற ஒரே பொம்பளை என் எதிர்வீட்டு அபோசெடே அக்காதான். எழுபதைத் தொடப்போகும்போதும் அவள் எல்லாருக்கும் அக்கா. நேற்றுப் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வாண்டுகளுக்கும் அக்கா. புதிதாகக் குடிவந்தவர்கள், அந்த அம்மாள் இளமையாக இருப்பதால் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. அம்மா என்று கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு பிள்ளையின் பெயரைப் போட வேண்டும். அவளுக்குப் போட ஒன்றும் இல்லை.

லாகோஸில், அமுவோ பக்கம், அரசாங்கம் எங்களைப் போன்றவர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு இது. எல்லா பிளாக்கும் ஒரே அச்சு. உப்பங்கழிக் காற்றில் சுண்ணாம்பு உரிந்து, எல்லாச் சுவருக்கும் ஒரே சொறி. மாடிக்கு ரெண்டு வீடு, பால்கனிக்கெல்லாம் இரும்புக் கம்பி. மேல்வீட்டில் மிளகாய் அரைத்தால் கீழ்வீட்டில் தும்மல் வரும். யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் சமாதானம் என்று சுவரே சொல்லிவிடும். இத்தனை நெருக்கத்தில் ஒருத்தி தனியாக இருக்க முடியுமா என்று கேட்காதீர்கள். முடியும். நான் எதிர்வாசலில் இருந்து பார்த்திருக்கிறேன்.

அக்கா துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். கல்யாணமாகிப் புருஷனோடுதான் இங்கே குடிவந்தாள். சில வருஷம் பார்த்துவிட்டு அந்த மகராசன் இபாதானில் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். போகும்போது ரேடியோவைக்கூடத் தூக்கிக்கொண்டு போனான். நானாக இருந்தால் அவனை மாடிப்படியில் உருட்டிவிட்டிருப்பேன். அக்காவோ அடுத்த மாதம் புது ரேடியோ வாங்கிவந்து, ஆபீஸ் விட்டு வந்ததும் சத்தமாக வைத்துக்கொண்டாள். அப்புறம் ஆபீசும் மூடிவிட்டது. ரேடியோவுக்குப் பதில் டிவி வந்தது. பார்க்கிறாளோ இல்லையோ, அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும்.

படியில் யார் காலடிச் சத்தம் கேட்டாலும் அவள் கதவு திறக்கும். குப்பை கொட்டப் போகிறவள் மாதிரி கையில் ஒரு பையோடு வந்து நிற்பாள். "யாரு, ஃபோலாரினா? நல்லா இருக்கியாப்பா?" என்பாள். அவன் "நல்லா இருக்கேன் அக்கா" என்று சொல்லிக்கொண்டே ரெண்டு ரெண்டு படியாகத் தாவிப் போய்விடுவான். பையில் குப்பையே இருக்காது. எனக்குத் தெரியும். நான் எட்டிப் பார்த்திருக்கிறேன்.

கரண்டு போய்த் திரும்பி வருகிற நேரத்தில் எங்கள் ஊரே ஒரே குரலாகக் கூச்சல் போடும், "வந்துடுச்சே!" என்று. எல்லா பிளாக்கிலிருந்தும் எல்லா ஜன்னலிலிருந்தும் வரும் அந்தச் சத்தம். அக்கா அதற்கென்றே பால்கனிக்கு ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துவாள். யாரும் அழைக்காமலே கலந்துகொள்ளக்கூடிய ஒரே விசேஷம் அதுதானே.

மற்றதெல்லாம் அழைப்பில்தான் நடக்கும். சனிக்கிழமை ஆனால் எங்கள் பக்கத்தில் ஏதாவது ஒரு தெரு அடைபட்டிருக்கும். நடுத்தெருவில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, ஆளுயர ஒலிபெருக்கி. கல்யாணமோ, பெயர் சூட்டலோ, வயசாளிகளின் பெரிய சாவோ, வீட்டுக்காரர்கள் முதலில் ஒரு துணியைத் தேர்ந்தெடுப்பார்கள். குடும்பத் துணி என்று அதற்குப் பெயர். சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள், அக்கம்பக்கத்தார் எல்லாரும் அதையே வாங்கித் தைத்து உடுத்திக்கொண்டு வந்து நிற்க வேண்டும். உன் துணியில் எத்தனை பேர் நிற்கிறார்களோ, அத்தனை பேர் உனக்கு இருக்கிறார்கள் என்று ஊர் எடுத்துக்கொள்ளும்.

அபோசெடே அக்கா யார் வீட்டுத் துணியையும் விட்டதில்லை. இந்தக் குடியிருப்பு மட்டுமில்லை, பக்கத்துக் குடியிருப்பு, அதற்கடுத்த குடியிருப்பு, டான்ஃபோ வண்டி போகிற இடம் வரைக்கும் போவாள். எல்லார் வீட்டு ஆல்பத்திலும் மூன்றாவது வரிசையில் தலைத்துணி சாயாமல் நிற்பாள். அவள் அலமாரியைத் திறந்தால் மற்றவர் வீட்டு நிறங்கள் நம் மேல் சரிந்து விழும். "அக்கா பீரோவப் பாத்தா லாகோஸ்ல பாதிப் பேரு அவங்க சொந்தக்காரங்கதான்!" என்று ஃபோலாரின் அம்மா கேலி செய்வாள். அக்காவும் சேர்ந்து சிரிப்பாள்.

விருந்துக்கு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்புகிற பழக்கம் எங்களிடம் இல்லை. கிண்ணம், தட்டு, வாளி என்று ஏதாவது ஒன்று, அதன்மேல் விசேஷக்காரரின் முகத்தை அச்சடித்துக் கொடுப்பார்கள். அக்காவின் சமையலறையில் முகம் இல்லாத பாத்திரம் கிடையாது. ஒருநாள் உப்புக் கேட்டுப் போனேன். டிவி முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு யாரு கூட சாப்பாடு அக்கா?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தாள். "ஒயெலரன் பெரியவரு. பாவம், மனுஷன் சிரிச்சிக்கிட்டே இருக்காரு. நேத்து அந்த ஏழாம் பிளாக் கல்யாண ஜோடி. அதுங்க ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டிருக்குதுங்க, என்னைப் பாக்கவே இல்ல."

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தேன். வாங்கி வந்த உப்பைப் போடாமலே குழம்பை இறக்கினேன்.

மாடிப்படிக்குக் கீழே எனக்கு ஒரு சின்னக் கடை உண்டு. குளிர்பானம், பாக்கெட் தண்ணீர், பிஸ்கட், சோப்பு. ஒரு மத்தியானம் அக்கா வந்து என் மரப்பெட்டி மேல் உட்கார்ந்தாள்.

"கமோரு அம்மா, எனக்கு எழுபது வரப்போகுது."

"வரட்டும். வரலன்னாத்தான் கவலைப்படணும்."

"விளையாடாதடி. நான் துணி எடுக்கப்போறேன்."

"இந்தத் தடவை யாரு வீட்டு விசேஷம்?"

"என் வீட்டு விசேஷம்."

தண்ணீர்ப் பாக்கெட்டுகளை ஐஸில் அடுக்கிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. அவள் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஊருக்கெல்லாம் நான் போய் நின்னிருக்கேன். எனக்கு யாரு நிப்பாங்கன்னு ஒரு தடவை பாத்துடணும். நான் செத்தப்புறம் யாரு நின்னாங்க, யாரு நிக்கலன்னு எனக்கு எப்படித் தெரியும்? இருக்கும்போதே பாத்துடுறேன்."

"அதெல்லாம் நிப்பாங்க அக்கா" என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

சந்தைக்கு நானும் கூடப் போனேன். அவள் எடுத்தது வாழைக்குருத்துப் பச்சை. எனக்கு அந்த நிறம் சுத்தமாகப் பிடிக்கவில்லை. "என் கறுப்புக்கு இதைக் கட்டினா சொதசொதன்னு கீரை கடைஞ்ச மாதிரி இருப்பேன் அக்கா" என்று சண்டை பிடித்தேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கட்டுக் கட்டாக வாங்கினாள். அவ்வளவு பேர் வருவார்கள் என்று அவள் மனசில் ஒரு பந்தல் எழும்பிவிட்டிருந்தது. முதல் ஆளாகத் தனக்குத் தைத்து உடுத்தி, ஸ்டுடியோவில் படம் பிடித்து, அந்தப் படத்தைக் கிண்ணத்தில் அச்சடிக்கவும் கொடுத்துவிட்டாள். அபோசெடே, எழுபது வயது, தேதி, கீழே ரெண்டு பூ.

அப்புறம் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறினாள். இத்தனை வருஷம் அவள் யார் யார் துணியை வாங்கினாளோ அத்தனை வீடும் ஏறினாள். எல்லாரும் துணியைத் தொட்டுப் பார்த்தார்கள், ஆகா என்றார்கள். "எனக்கு ரெண்டு செட்டு எடுத்து வைங்க அக்கா, எம்பொண்ணுக்கும் சேத்து" என்றாள் ஃபோலாரின் அம்மா. இறங்கி வரும்போது அக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கல்யாணப் பெண் தோற்றாள்.

அந்த வாரம்தானா எட்டாம் பிளாக் பெரியம்மா சாக வேண்டும்? நல்ல வயசு, நல்ல சாவு, குறை சொல்வதற்கில்லை. அவள் மகன் சீஃப் அயோரிந்தே இந்தக் குடியிருப்பில் மூக்கொழுகத் திரிந்தவன். இப்போது கடற்கரைப் பக்கம் பங்களா, முன்னும் பின்னும் கார். அம்மா வாழ்ந்த இடத்திலேயே அம்மாவை வழியனுப்புவேன் என்று இங்கேயே விசேஷம் வைத்தான். ஊதா நிறத் துணி. ரெண்டு மாடு. பெரிய பாட்டுக்குழு. அந்தப் பாட்டுக்குழுவுக்கு எந்தச் சனிக்கிழமை ஓய்வாக இருந்ததோ, அதே சனிக்கிழமைதான் அக்காவின் பிறந்தநாள்.

ஒரு வாரத்தில் குடியிருப்பே ஊதாவாகிவிட்டது. தையற்காரன் வாசலில் ஊதா, கொடியில் ஊதா. நான் பொறுக்கமாட்டாமல் மாடிக்கு ஏறிப்போய் ஃபோலாரின் அம்மாவின் கதவைத் தட்டினேன்.

"ஏன்டி, ரெண்டு செட்டு எடுத்து வைக்கச் சொன்னியே. வந்து வாங்கிக்க."

"கமோரு அம்மா, உங்களுக்குத் தெரியாததா? சீஃப் வீட்டு விசேஷம். நாளைக்கு ஃபோலாரினுக்கு ஒரு வேலைன்னா அவருகிட்டதானே போய் நிக்கணும்? அங்க நான் பச்சையில போனா என்ன நினைப்பாங்க?"

"அங்க ஏன் போற? இங்க வா."

"வராம இருப்பேனா? ஒரு எட்டு வந்து தலையைக் காட்டிட்டுப் போறேன்."

"தலையை மட்டும் காட்ட நீ என்ன ஆமையா?"

கதவைச் சாத்திக்கொண்டாள். அக்காவிடம் வந்து, "தேதியத் தள்ளி வைங்க, அடுத்த வாரம் வச்சுக்கலாம்" என்றேன். அவள் ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்து கிண்ணத்தை எடுத்துக் காட்டினாள். தேதி அச்சாகி இருந்தது.

"அடுத்த வாரம் வச்சா வருவாங்களா?" என்று கேட்டாள். "அப்பவும் வரலன்னா சொல்றதுக்கு இந்தக் காரணம்கூட எனக்கு இருக்காது."

பெட்டியை நானே மூடி வைத்தேன்.

சனிக்கிழமை காலையிலேயே எங்கள் பிளாக்குக்கு முன்னால் பந்தல் போட்டாகிவிட்டது. பின்பக்கத்தில் விறகடுப்பு மூட்டி, கூலிக்கு வந்த ரெண்டு பெண்கள் பெரிய பானைகளில் ஜோலோஃப் சோறும், ஆட்டுக்கறியும், இலையில் அவித்த பயற்று மாவு மொயின்மொயினும் செய்துவைத்திருந்தார்கள். நான் வாழைக்குருத்துப் பச்சையில் இறங்கினேன். தையற்காரன் ஒரு கையை இறுக்கமாகவும் ஒரு கையைத் தொளதொளவென்றும் தைத்திருந்தான், அவன் கை விளங்காமல் போக. அக்கா பந்தலின் நடுவில், விசேஷக்காரிக்கான பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். செம்பு நிறத் தலைத்துணி, கழுத்து நிறையப் பவளம். பந்தல் முழுக்கப் பச்சையில் இருந்தது நாங்கள் ரெண்டு பேர்தான்.

தெரு வளைவுக்கு அந்தப் பக்கம் சீஃபின் ஒலிபெருக்கி போட்ட போட்டில் எங்கள் காலி நாற்காலிகள் தானாக நடுங்கின. மாடியிலிருந்து ஊதா ஊதாவாக இறங்கினார்கள். "அக்கா, எவ்வளவு அழகா இருக்கீங்க! இதோ வந்துடுறேன்!" என்று ஒவ்வொருத்தியும் சொல்லிவிட்டு வளைவில் திரும்பி மறைந்தாள். அக்கா எல்லாருக்கும் கையசைத்தாள். அப்புறம் எழுந்து, நேராக இருந்த நாற்காலிகளையே மறுபடி நேராக்கிக்கொண்டு வந்தாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. சீஃபின் விருந்துச் சாப்பாடு வேறு எங்கோ சமைத்து வண்டியில் வருகிறதாம். வண்டி பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டது. அங்கே ஆயிரம் பேர் பசியோடு உட்கார்ந்திருக்க, எங்கள் பானையின் வாசனை வளைவைத் தாண்டிப் போயிருக்கிறது. முதலில் பருத்த ஊதாக்காரி ஒருத்தி கூட ரெண்டு பேரோடு வந்தாள். பந்தல், நாற்காலி, சோறு. கேள்வியே கேட்காமல் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னும் பத்துப் பேர். கொஞ்ச நேரத்தில் பந்தல் ஊதாவால் நிறைந்துவிட்டது. ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. எங்கள் குடியிருப்பு ஆட்களே இல்லை. எங்கெங்கோ இருந்து, விசேஷம் என்று காதில் விழுந்ததும் கிளம்பி வருகிற கூட்டம்.

அக்கா எழுந்துவிட்டாள். "வந்துட்டாங்கடி! வந்துட்டாங்க!" என்று என் கையைப் பிடித்து ஆட்டினாள். "ஆபீஸ்காரங்களா இருக்கும். இத்தனை வருஷம் ஆச்சா, முகம் மறந்துபோச்சு."

பருத்த ஊதாக்காரி சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு வந்து அக்காவின் ரெண்டு கையையும் பிடித்தாள். "அம்மா போயிட்டாங்களேன்னு மனசு விடாதீங்க. எவ்வளவு அருமையா வழியனுப்பி வச்சிருக்கீங்க!"

பெரிய சாவில் செத்தவருடைய பிள்ளைகள் மட்டும் வேறு நிறத்தில் இருப்பார்கள், ஊரெல்லாம் ஒரு நிறம் உடுத்தும். அதுதான் வழக்கம். ஊதாக் கடலில் பச்சையாக இருந்தது நாங்கள் ரெண்டு பேர். அவள் என் பக்கம் திரும்பி, "இவங்க தங்கச்சியா? சாடை அப்படியே இருக்கு" என்றாள்.

சாடையாம்! நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது எனக்கு. "ஏய், இது சாவு வீடு இல்லடி, பொறந்தநாளு" என்று கத்தியிருப்பேன். அக்காவின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. நகம் பதிந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் எங்கேயோ போய்விட்டது.

"ஆமா, தங்கச்சி" என்றாள் அக்கா. "சாப்பிடுங்க. கறி வச்சாங்களா?"

அதற்கப்புறம் ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். பெரிய அங்கி போட்ட கிழவர் ஒருத்தர் கோலை ஊன்றி எழுந்து நின்றதும் பந்தல் அடங்கியது. அவர் அக்காவின் தலைக்கு மேல் கையைத் தூக்கி வாழ்த்த ஆரம்பித்தார். எங்கள் ஊர்ச் சாவு வீட்டில் சொல்கிற வாழ்த்து ஒன்றே ஒன்றுதான், எல்லாருக்கும் மனப்பாடம்.

"நீ உங்கம்மாவை இப்படி வழியனுப்பின மாதிரி, உன் பிள்ளைங்க உன்னை வழியனுப்பணும்!"

"ஆமீன்!" என்றது பந்தல்.

"உன் பிள்ளைங்க உனக்கு முன்னால போகக் கூடாது!"

"ஆமீன்!"

"நீ போற அன்னிக்கு உன் பிள்ளைங்க உன் தலைமாட்டுல நிக்கணும்!"

பந்தல் மறுபடி ஆமீன் என்றது. கிழவர் காத்திருந்தார். வாழ்த்து வாங்கிக்கொள்கிறவள்தான் கடைசியில் சொல்ல வேண்டும். அக்கா குனிந்த தலையோடு நின்றாள். அவள் கழுத்துப் பவளம் ஏறி இறங்கியது. நான் அல்லாவை வேண்டிக்கொண்டேன், இந்தக் கிழவனின் வாயை அடை என்று.

"ஆமீன்" என்றாள் அபோசெடே அக்கா. சின்னக் குரலில் இல்லை. எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

மனிதக் குரல் மாதிரியே பேசுகிற மத்தளம் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருத்தன் வந்து, "அம்மா பேரு சொல்லுங்க தாயே, முழக்கிடுறேன்" என்றான். செத்தவள் பெயர் தெரியாமல் சாப்பிட வந்த கூட்டம்தானே, யார் பெயரைச் சொன்னால் என்ன? அக்கா தன் சொந்தத் தாயின் பெயரைச் சொன்னாள். ஒஜுவொலாபே. அவன் மத்தளத்தில் அதை வாங்கி வாங்கி முழக்கினான். அத்தனை ஊதாவும் எழுந்து அந்தப் பெயருக்கு ஆடியது. அக்காவும் ஆடினாள். நானும் தொளதொளக் கையை வீசிக்கொண்டு ஆடித் தொலைத்தேன்.

கிளம்புகிறவர்களுக்கெல்லாம் அக்காவே நின்று கிண்ணம் கொடுத்தாள். யாரும் படத்தைப் பார்க்கவில்லை. கிடைத்ததைப் பையில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு போனார்கள். அவர்கள் போனபிறகு ஃபோலாரின் அம்மா வளைவில் இருந்து வாடிப்போய் வந்தாள். சீஃப் வீட்டுச் சாப்பாடு ஒரு வழியாக வந்து, பந்தியின் பாதியிலேயே தீர்ந்துவிட்டதாம்.

"அக்கா, சோறு ஏதாவது மிச்சம் இருக்கா?"

"தீந்துபோச்சும்மா" என்றாள் அக்கா. "விருந்தாளிங்க ஜாஸ்தி."

சாயங்காலம் நாற்காலிகளை அடுக்கிவிட்டு, "ஏன் அக்கா அவங்ககிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"என்னன்னு சொல்றது? தப்பா வந்துட்டீங்க, எந்திரிச்சுப் போங்கன்னா? அவங்களும் போயிட்டா யாருடி இருப்பா?"

அன்றைக்குக் கரண்டு வந்தபோது ஊரே கத்தியது. எதிர் பால்கனிக்கு அக்கா வரவில்லை.

அதோடு அவள் அடங்கிப்போனாள். யார் துணி வந்தாலும் வாங்கினாள், ஆனால் தைக்கக் கொடுக்கவில்லை. படியில் காலடி கேட்டால் கதவு திறக்கும், அது மட்டும் மாறவில்லை. விற்காத பச்சைத் துணிக் கட்டுகள் அவள் கட்டிலுக்கு அடியில் கிடந்தன.

மழைக்காலம் முடிந்து என் மகன் கமோருவுக்குப் பெண் பார்த்தோம். இகொரொடுவில், கழிக்கு அந்தக் கரையில், நல்ல குடும்பம். சம்பந்தம் பேசப் போன அன்று பெண்ணின் பெரியம்மா எனக்கு ஏபா களியும் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். களி இருந்த கிண்ணத்தைப் பார்த்தேன். வாழைக்குருத்துப் பச்சையும், செம்பு நிறத் தலைத்துணியுமாக எதிர்வீட்டு அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது யாரு?" என்று கேட்டேன்.

"அதுவா? எங்க நாத்தனார் கொண்டுவந்து குடுத்தா. அமுவோ பக்கம் ஒரு பெரிய சாவாம். செத்துப்போன அம்மா இவங்க. குடுத்துவச்சவங்க! ரெண்டு பொண்ணுங்களாம். பச்சையில நின்னு அவங்க கையாலயே எல்லாருக்கும் பரிமாறினாங்களாம். ஒருத்தி அமைதி, இன்னொருத்தி வாயாடியாம். அப்படிப் பொண்ணுங்க இருந்தா நிம்மதியாச் சாகலாம்னு நாத்தனார் சொல்லிச் சொல்லி அழுதா."

கீழே அச்சடித்திருந்ததை அவள் படித்ததில்லை. இன்னொரு உருண்டைக் களியை வாயில் திணித்துக்கொண்டேன். தண்ணீர் கேட்டேன்.

திரும்பி வந்ததும் நேராக அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வாய்விட்டுச் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் டிவியை அணைத்தாள். அந்த டிவி அணைந்து நான் பார்த்தது அன்றுதான்.

"நான் உயிரோட இருக்கேன்னு சொன்னியா?"

"இல்ல."

"ஏன்?"

"வாய் நிறைய களி இருந்துச்சு."

"சொல்லாத" என்றாள். "எப்பவும் சொல்லாத. அங்க எனக்கு ரெண்டு பொண்ணு இருக்காங்க. இருந்துட்டுப் போகட்டும்."

"சரி, சொல்லல. என்னை அந்த வாயாடிப் பொண்ணுன்னே நினைச்சுக்கட்டும். ஆனா கல்யாணத்துக்கு அவங்கல்லாம் வருவாங்களே, உங்களைப் பாத்தா என்ன ஆகும்?"

"நான் வரல" என்றாள் அக்கா.

ஊரார் வீட்டு விசேஷம் ஒன்றைக்கூட விடாதவள், அவள் மடியில் மூத்திரம் போய் வளர்ந்த என் கமோருவின் கல்யாணத்துக்கு வரமாட்டாளாம். எனக்கு வந்த கோபத்தில் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இல்லாத பெண்களுக்காக இருக்கிறவனை விடுகிறாயே, உனக்குப் பைத்தியமா என்று கேட்டேன். அவள் அசையவில்லை. நான் குனிந்து கட்டிலுக்கு அடியில் கிடந்த பச்சைக் கட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்து என் வீட்டுக்குத் தூக்கிப்போனேன். அவள் தடுக்கவில்லை.

கமோரு கல்யாணத்துக்குக் குடும்பத் துணி வாழைக்குருத்துப் பச்சை என்று மறுநாள் கடையில் அறிவித்தேன். ஃபோலாரின் அம்மா துணியைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். முகம் சுண்டிப்போனது.

"உனக்கு ரெண்டு செட்டு" என்றேன். "எடுத்து வைக்கச் சொன்னியே."

வாங்கிக்கொண்டு போனாள். பதினோராம் பிளாக் முழுக்க வாங்கியது. பக்கத்து பிளாக்குகளும் வாங்கின. கடன் கொடுக்கிற என் கடையைப் பகைத்துக்கொண்டு யார் வாழ்வது?

கல்யாணத்தன்று எங்கள் பிளாக்கு முன்னால் அதே இடத்தில் பந்தல். இகொரொடுக்காரர்கள் ரோஜா நிறத்தில் வந்தார்கள். எங்கள் பக்கம் பார்த்த இடமெல்லாம் பச்சை. கிழவிகள் பச்சை, குஞ்சு குளுவான் பச்சை. எனக்கு வாழ்க்கையில் முதல்முறையாக அந்த நிறம் பிடித்தது. பெண் வீட்டாரோடு பேசிக்கொண்டே தலையைத் தூக்கிப் பார்த்தேன். பால்கனிக் கம்பிக்குப் பின்னால் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவளும் பச்சைதான் உடுத்தியிருந்தாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே நிற்கிற ஒவ்வொரு தலையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது மேலே பார்த்தால் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியை விட்டு எழக் கூடாது என்பார்கள். எழுந்தேன். ரெண்டு பேருக்குச் சோறும் கறியும் அள்ளிக்கொண்டு படியேறினேன். நான் தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது. அக்காவின் கையில் குப்பைப் பை இருந்தது.

"உன்னைக் கீழே தேடுவாங்க, போடி."

"தேடட்டும். தட்டு எடுங்க."

அவள் சமையலறையில் கொஞ்ச நேரம் உருட்டினாள். அலமாரியின் மேல்தட்டில் இருந்து ஒரே ஒரு கிண்ணத்தை எடுத்து வந்தாள். அவள் முகம் போட்ட கிண்ணம், ஒருநாளும் புழங்காதது, ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூடக் கிழிக்கவில்லை. தாளை நான் கிழித்தேன். சோற்றைக் கொட்டினேன்.

"எத்தனை பேரு பச்சையில நிக்கிறாங்க பாத்தீங்களா அக்கா?"

"பாத்தேன்" என்றாள். "கமோருவுக்காக நிக்கிறாங்க."

எலும்பில்லாத கறியாகப் பார்த்து அவள் பக்கம் தள்ளினேன். நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். தலைத்துணி இடித்ததால் கழற்றிக் கட்டில்மேல் வைத்தேன். கீழே மத்தளம் முழங்கிக்கொண்டிருந்தது, கமோரு அம்மா என்று யாரோ என்னைக் கூப்பிடுவதுகூடக் கேட்டது. ஒரே கிண்ணத்தில் கைவிட்டு ரெண்டு பேரும் சாப்பிட்டோம்.